வீட்டில் ஃப்ரீயாக இருப்பவள்

சங்கரன்கோவிலில் ‘ஃப்ரீ’ என்ற சொல் இல்லாமல் எங்களுக்கு ஒரு நாளும் நகராது. தையல்காரரிடம் ஜாக்கெட்டைக் கொஞ்சம் ஃப்ரீயாகத் தைக்கச் சொல்கிறோம். டாக்டர், “வயிறு ஃப்ரீயா போகுதாம்மா?” என்று கேட்கிறார். சோப்பு வாங்கினால் டப்பா ஃப்ரீ. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் ஃப்ரீ. வேலைக்குப் போகாத மருமகளும் ஃப்ரீ. அந்த மருமகள் நான்.

என் கணவர் வெளிநாட்டில் இருக்கிறார். அவருடைய அண்ணனும் தம்பியும் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஜவுளிக்கடை நடத்துகிறார்கள். விடியுமுன் எழுந்து அத்தனை பேருக்கும் ஆக்கிப்போட்டு, பாத்திரம் தேய்த்து, மாமியாருக்குக் கால் பிடித்துவிடும் நான் மட்டும் ஃப்ரீ. ஆகவே துட்டிக்குப் போகிற பொறுப்பும் என் தலையில் விழுந்தது. சாவு வீட்டுக்குப் போய் துக்கம் கேட்பதை எங்கள் பக்கம் துட்டி கேட்பது என்போம். கல்யாணத்துக்குப் போகாவிட்டால்கூட மன்னித்துவிடுவார்கள். துட்டிக்கு வராத வீட்டைத் தலைமுறைக்கும் சொல்லிக் காட்டுவார்கள். ஒரே ஒரு ஆள் போய் முகத்தைக் காட்டினால் போதும், வீடே வந்த மாதிரி.

“அவ ஃப்ரீயாத்தான இருக்கா, பஸ்ஸும் ஃப்ரீ. போயிட்டு வரட்டும்” என்பார் மாமியார். குருவிகுளத்தில் முகமே பார்த்திராத ஒரு பெரியப்பாவுக்கு அழுதிருக்கிறேன். வாசுதேவநல்லூரில், செத்தவர் எங்களுக்கு என்ன முறை என்று பக்கத்திலிருந்தவளிடம் கேட்டுவிட்டு அழுதிருக்கிறேன். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனாலும் போனேன். என் அம்மாவுக்கு ஒன்று என்றால் இந்த வீடு திரண்டு வந்து நிற்கும், என் பிறந்த வீட்டுக்கு அந்த மரியாதை கிடைக்கும் என்ற ஒரே ஆசைதான்.

போன தை மாதம் அம்மா போய்விட்டாள். மேலநீலிதநல்லூர் ஒன்றும் தூரமில்லை, டவுன் பஸ்ஸிலேயே வந்துவிடலாம். தகவல் வந்ததும் நான் முதலில் ஓடிவிட்டேன். அம்மாவைக் குளிப்பாட்டும் நேரம் நெருங்கியும் மாமியார் வீட்டிலிருந்து ஒருவரையும் காணவில்லை. வெட்கத்தை விட்டு நானே போன் செய்தேன்.

“முகூர்த்த நேரம்லா, கடையில கூட்டம் அள்ளுது. யாரும் ஃப்ரீயா இல்லட்டி” என்றார் மாமியார். “நீதான் அங்கன இருக்கியே. நம்ம வீட்டுக்கும் சேத்து நீயே கேட்டதா இருக்கட்டும்.”

பெற்றவளைப் பறிகொடுத்தவளே அந்தத் துட்டியையும் கேட்டுக்கொள்ள வேண்டுமாம். கணவருக்குப் போன் போட்டு அழுதேன். “அம்மா ஏதோ தெரியாம சொல்லிட்டா. ஃப்ரீயா விடு” என்றார். காறித் துப்ப வேண்டியதை விழுங்கச் சொல்வதற்கும் அந்தச் சொல் உதவுகிறது.

வெயில் ஏறுகிறது என்று ஊர்ப் பெரியவர்கள் அவசரப்படுத்தினார்கள். அம்மாவின் தங்கை, என் சித்தி, தெருமுனையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“சம்பந்தி வீட்டு ஆளு வராம எப்படி மக்கா எடுக்க?” என்றாள். “உங்க வீட்டுல இருந்து யாரு வாரா?”

முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தேன்.

“வந்தாச்சு சித்தி. நான்தான் வந்திருக்கேன். எடுக்கச் சொல்லுங்க.”