மண்டிச் சுவத்து யானை

அவ மருமவ கதைய வுடு செல்லம்மா, அது எங்க போயிடப் போவுது. வெள்ளிக்கெழம நான் அரியலூர்ல மவ வூட்டுக்குப் போயி தெகச்சு நின்ன கூத்தக் கேளு.

காலையில பெரம்பலூர்ல கரி பஸ் ஏறுனேன். இருபது மைலுக்கு எட்டணா. பெட்ரோலு கெடைக்காத சண்டைக் காலம் பாரு, பின்னால கரி அடுப்பக் கட்டிக்கிட்டுப் போற வண்டி. மேடு வந்தா எல்லாரையும் எறங்கச் சொல்றான். காசும் குடுத்துத் தள்ளவும் வேணுமான்னு கேட்டேன். "நீங்க தள்ள வேணாம் ஆத்தா, எறங்கி நடந்தாப் போதும்"னான் டிரைவரு.

அரியலூரு சேந்தப்ப உச்சி வெயிலு. எனக்குப் படிப்பு ஏது? நெல்லு மண்டிக்குப் பின்னால குப்பமேடு, அதுக்கு அடுத்த சந்துல மவ வூடு, அதான் அடையாளம். போயிப் பாத்தா குப்பமேட்டக் காணோம். கூட்டி மெழுகுன தரை. மண்டிச் சுவரு முழுக்க செம்மண்ணும் கரியும் சுண்ணாம்புமா ஒரு யானை. கீழ வண்டி அகலத்துக்குக் கோலம். ஊரு மாறி எறங்கிட்டனான்னு ரெண்டு தடவ சுத்தி வந்தேன். சரி, புதுசா புள்ளையாரு வந்திருக்காருன்னு, மவளுக்குக் கொண்டுபோன தேங்காய ஒடச்சு, வுழுந்து கும்புட்டேன்.

நிமுந்தா மண்டிக்காரரு. பின்னால ஆளுங்க, தோள்ல வேலிக்கம்பு. அது யாருக்கும் சொந்தமில்லாத எடமாம், வளச்சுப் போட்டு வண்டி நிறுத்தப் போறாராம். தேங்காயப் பாத்ததும் செருப்பக் கழட்டிட்டாரு.

"இந்தச் சாமி எப்ப வந்துச்சு?"

"தெரியலீங்க, நானே இப்பதான் வரேன்."

தேங்கா ஒடச்ச எடத்துல குழி வெட்டக் கூடாதுன்னு ஆளுங்களத் திருப்பி அனுப்பிட்டாரு.

அவரு அந்தப் பக்கம் போனதும் மவ ஓடியாந்தா. புள்ளைங்க வெளையாடறதுக்காகத் தெருப் பொம்பளைங்க குப்பைய அள்ளுன கதைய அப்பதான் சொன்னா. மறுபடி யாரும் கொட்டக் கூடாதுன்னு கோலம் போட்டாங்களாம். வண்டிக்கு வர்ணம் அடிக்கிற காதர் பாய் யானைய வரஞ்சாராம். அவரும் வந்து நின்னு சிரிக்கிறாரு. "அது சாமி இல்ல அம்மாயி, புள்ளைங்க கேட்ட யானை."

சாயங்காலத்துக்குள்ள யாரோ சுவத்துக்கு மாலை போட்டுட்டாங்க. புள்ளைங்க பந்து எறியப் பயந்து ஓரமா நிக்குது. மவ மூஞ்சி தொங்கிப் போச்சு. "வேலி போட்டிருந்தாலும் இதேதானம்மா. இனிமே புள்ளைங்க எங்க வெளையாடும்?"

மறுநா கெளம்பறப்ப மண்டிக்காரரு கும்புட வந்தாரு. வாயில வந்ததச் சொல்லிட்டேன். "இந்தச் சாமிக்குப் புள்ளைங்க சத்தந்தாங்க பூசை. அது இல்லேன்னா கோவம் வந்துரும்." அவரே போயி புள்ளைங்களக் கூட்டியாந்து, துணிப்பந்த எடுத்துக் கையில குடுத்தாரு. சந்து திரும்புற வரைக்கும் எனக்கு அந்தச் சத்தம் கேட்டுச்சு.

நான் பொய் சொன்னனா, நெசஞ் சொன்னனா, இன்னும் தெரியல செல்லம்மா. அந்த யானை இருக்கே... இரு, எங்க மாடு அவுத்துக்கிட்டு வந்து ஒன் கீரப்பாத்தியில நிக்குது.