சேமிக்க முடியாத தாளம்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது எங்கள் வீடு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. ஒரே சிடியில் வந்த இரண்டு சாஃப்ட்வேர்களில் எது உசத்தி என்பதுதான் சண்டை. ஒன்று அண்ணனுடைய கட்சி, இன்னொன்று என்னுடையது. நடுவில் நீதிபதியாக உட்கார்ந்திருந்தவள் சித்தி.

சித்தி என்றால் அம்மாவின் தங்கை. தி.நகரில் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் விவரங்களைத் தட்டி ஏற்றும் வேலை. நல்ல ஹாஸ்டல் கிடைக்கும்வரை என்று சொல்லி, வேலூரிலிருந்து மந்தைவெளியில் எங்கள் மாடிப் போர்ஷனுக்கு வந்தவள், மூன்று வருடமாக எங்களோடுதான் இருந்தாள். அவளுடைய துணிமணியெல்லாம் கட்டிலுக்கு அடியில் ஒரு சூட்கேஸில் அடங்கிவிடும். மற்றவர்கள் எழுந்திருக்கும் முன் குளித்துவிடுவாள். டிவியில் எது ஓடுகிறதோ அதைப் பார்ப்பாள். எனக்கு இது வேண்டும் என்று எங்கள் வீட்டில் அவள் கேட்டு நான் பார்த்ததே இல்லை. ரொம்ப நல்ல சித்தி என்று நினைத்துக்கொள்வேன்.

கை மட்டும்தான் அவள் சொன்ன பேச்சைக் கேட்காது. டம்ளர், கதவு, அரிசி டின், என் முதுகு என்று எது கிடைத்தாலும் விரல்கள் தாளம் போட ஆரம்பித்துவிடும். "கையை வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியாடி?" என்று அம்மா அதட்டுவாள். வாசலில் அப்பா செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் விரல்கள் தாமாகவே மடங்கிக்கொள்ளும்.

அண்ணனின் ப்ளஸ் டூ படிப்புக்காக ஒரு கம்ப்யூட்டர் வாங்கி ஹாலில் வைத்திருந்தோம். அது தூசு படாமல் பூப்போட்ட உறைக்குள் இருக்கும். ஒருநாள் சித்தி அலுவலகத்தில் யாரோ கொடுத்ததாக ஒரு சிடியைக் கொண்டுவந்தாள். ஏதோ பத்திரிகையோடு இலவசமாக வந்ததாம். அதில் தாளம் கட்டுவதற்கென்றே இரண்டு சாஃப்ட்வேர்கள் இருந்தன. எங்களிடம் இருக்கும் எந்தச் சத்தத்தையும் உள்ளே போடலாம், அடுக்கி வைக்கலாம், வேண்டிய இடத்தில் ஒலிக்கவைக்கலாம் என்று அண்ணன் படித்துச் சொன்னான். சித்தியின் விரல்கள் மேஜைமேல் ஓடிக்கொண்டிருந்தன.

அன்றிலிருந்து நாங்கள் சத்தம் பிடிக்கக் கிளம்பினோம். கம்ப்யூட்டரோடு வந்த சின்ன மைக்கை வயர் எட்டும் தூரம்வரை இழுத்துக்கொண்டுபோய்ப் பருப்பு டப்பாவைக் குலுக்கினோம், கதவுத் தாழ்ப்பாளைத் தட்டினோம், காலிக் குடத்தின் வாயை உள்ளங்கையால் அடித்தோம். குக்கர் விசில் வந்தபோது மைக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கி நின்றோம். அப்பா தொண்டையைச் செருமுவதைக்கூட அவருக்குத் தெரியாமல் பிடித்துவிட்டோம். துண்டாக்கிக் கேட்டபோது அது அருமையான பறை அடியாக இருந்தது.

சத்தங்கள் குவியக் குவியச் சண்டை பெரிதானது. அண்ணனுடைய சாஃப்ட்வேரில் கறுப்புத் திரையில் எண்கள் மேலிருந்து கீழே ஓடும். எந்தச் சத்தம் எப்போது வரவேண்டும் என்பதை எண்ணாக எழுத வேண்டும். சத்தத்துக்குப் பெயர் வைப்பதென்றால் எட்டு ஆங்கில எழுத்துக்குள் வைக்க வேண்டும். அண்ணனுக்கு அந்தக் கண்டிப்பு பிடித்திருந்தது. பாத்திரங்களுக்கெல்லாம் ஒரே பெயர் வைத்து, பின்னால் வரிசை எண் போட்டான்.

என்னுடையதில் திரை முழுக்கக் குட்டிக் கட்டங்கள். ஒரு சத்தத்துக்கு ஒரு வரிசை. கட்டத்தை அமுக்கினால் ஆரஞ்சு நிறத்தில் எரியும். ஒரு கோடு இடமிருந்து வலமாக ஓடிவந்து, எரியும் கட்டத்தைத் தொடும்போதெல்லாம் சத்தம் வரும். பக்கத்திலேயே சத்தங்களை வைக்க அலமாரி மாதிரி அறைகள். எந்த அறைக்கும் இஷ்டப்பட்ட பெயர் வைக்கலாம். நான் 'தும்', 'தக்', 'சில்', 'சொர' என்று வைத்தேன். குடமும் அரிசி டின்னும் அப்பாவின் தொண்டையும் தும்மில் சேர்ந்தன.

என் கட்சியில் ஒரே ஒரு ஓட்டை. அது டெமோ. எல்லாம் செய்யும், சேமிக்க மட்டும் விடாது. சேமி என்று அமுக்கினால், முழு சாஃப்ட்வேரையும் வாங்கச் சொல்லி ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வந்து நிற்கும். கம்ப்யூட்டரை அணைத்தால் கட்டிய தாளம் போய்விடும், அலமாரிச் சத்தங்கள் மட்டும் மிஞ்சும். "காலைல கட்டி சாயந்திரம் இடிக்கிற வீடு" என்று அண்ணன் சிரிப்பான்.

இந்த நேரத்தில்தான் அடையாற்றிலிருந்து அந்த அழைப்பு வந்தது. சித்தியின் தோழி ஒருத்தியின் கணவர் அங்கே சின்ன ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருந்தார். ரேடியோவில் போடும் அப்பள விளம்பரத்துக்குப் புதுவிதமான தாளம் தேடிக்கொண்டிருந்தாராம். சித்தியின் விரல்களைப் பற்றி மனைவி சொல்லிக் கேள்விப்பட்டவர், வருகிற சனிக்கிழமை சாயங்காலம் ஒரு கேசட் கொண்டுவரச் சொல்லியிருந்தார். சித்திக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. எனக்கும்தான்.

எந்த சாஃப்ட்வேரில் கட்டுவது? சித்தி ஒரு பரீட்சை வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு, "தட்டு கீழ விழறதுக்குள்ள கையால பிடிச்சா ஒரு சத்தம் வருமே, பாதியில அடங்கிப்போற மாதிரி, அது வேணும்" என்றாள்.

அண்ணன் பாத்திரம் ஒன்று, பாத்திரம் இரண்டு என்று ஒவ்வொன்றாக ஒலிக்கவிட்டுத் தேடினான். நான் 'சில்' அறையைத் திறந்து, ஒரு சத்தத்தை அமுக்கினேன். "இதானே சித்தி?"

சித்தி கண்ணைத் திறந்தாள். "அதேதான்டி!"

அப்பாவுக்கு இது சரியாகப் படவில்லை. "சேமிக்க முடியாததை நம்பி எதுக்கும்மா இறங்கறே? நடுவுல கரண்ட் போனா என்ன பண்ணுவே?"

வழக்கமாக அப்பா ஒன்று சொன்னால் சித்தி "சரிங்க மாமா" என்பாள். அன்று தரையைப் பார்த்தபடியே பதில் சொன்னாள். "அந்த இன்னொண்ணுல எல்லாத்தையும் முன்னாடியே யோசிச்சு எழுதணும் மாமா. ஆபீஸ்ல நாள் பூரா அதான் பண்றேன். இதுல தப்பா வச்சுப் பாக்கலாம், பிடிக்கலைன்னா நகர்த்தலாம்." பிறகு மெதுவாகச் சேர்த்துக்கொண்டாள். "சனிக்கிழமை ஒருநாள் மட்டும் கம்ப்யூட்டரை அணைக்காம இருக்கணும். கரண்ட் போகாம பாத்துக்கணும்."

அப்பா அவளை ஆச்சரியமாகப் பார்த்தார். பிறகு, "சரி, பாத்துக்கலாம்" என்றார். நான் குதித்தேன். என் கட்சி ஜெயித்துவிட்டது.

கரண்ட் விஷயம் லேசானதல்ல. எங்கள் வீட்டுக்காரம்மா கீழே இருந்தார். பரம்பரையாகப் பால் வியாபாரம். கொல்லையில் நாலைந்து மாடுகள். மாடிக்கும் கீழுக்கும் ஒரே மீட்டர். பழைய வயரிங் என்பதால் அவருடைய கிரைண்டர், எங்கள் அயர்ன் பாக்ஸ், தண்ணீர் மோட்டார் என்று எதைப் போட்டாலும் ஃபியூஸ் போய்விடலாம். சனிக்கிழமைதான் அவர் வாரத்துக்கான மாவை ஆட்டும் நாள். அந்தச் சனிக்கிழமை காலை தூது போகச் சொல்லி என்னை அனுப்பினார்கள்.

"ஆன்ட்டி, இன்னிக்கு கிரைண்டர் போடாதீங்க. எங்க சித்தி தாளம் கட்றாங்க."

"இன்னாது, தாளத்தக் கட்றாங்களா? எங்க கட்றாங்க, மாட்டுக் கொட்டாயிலயா?" என்றார் வீட்டுக்காரம்மா. நான் மூச்சு விடாமல் ரேடியோ, அப்பளம், அடையாறு எல்லாவற்றையும் சொன்னேன். "சரி போ. அரிசி ஊறிக்கினு கீது. பால் கறக்க ஆள் வர்ற வரைக்கும்தான் டைமு. அப்பால நான் போட்டுடுவேன், ஆமா."

அன்று எங்கள் வீடு இருந்த நிலை எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது. அப்பா கசங்கிய சட்டையோடு மீட்டர் பெட்டிக்கு எதிரில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்தார். அம்மா மிக்ஸியைத் தொடாமல் ரசமும் அப்பளமும் மட்டும் செய்தாள். தண்ணீர் மோட்டார் போடாததால் எல்லாருக்கும் குளியல் ரத்து. அண்ணன் எதிர்க்கட்சி என்றாலும் ஃபேனை எங்கள் பக்கம் திருப்பி வைத்தான்.

சித்தி திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் அலமாரிக் காவல். அவள் கேட்கக் கேட்க எடுத்துக் கொடுத்தேன். முதலில் குடம். அதற்கு மேல் தாழ்ப்பாள். நடுவில் பருப்பு டப்பா சரசரவென்று நுழைந்தது. ஒரு கட்டத்தை இப்படி நகர்த்தினால் தாளம் நொண்டும், அப்படி நகர்த்தினால் துள்ளும். சித்தி உதட்டைக் கடித்துக்கொண்டு நகர்த்தினாள். திடீரென்று எல்லாம் ஒன்றோடொன்று கவ்விக்கொண்டது. அடுப்படியில் அம்மாவின் கரண்டி தானாகத் தாளம் தட்ட ஆரம்பித்தது. எனக்கு உட்காரவே முடியவில்லை, எழுந்து ஆடினேன். பேப்பருக்கு மேலிருந்து அப்பாவின் தலை ஆடியது. "நடுவுல தும்முனு வருதே, அது என்ன மேளம்?" என்று கேட்டார். நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டோம்.

கேசட்டில் ஏற்றலாம் என்றபோது டேப் ரெக்கார்டரின் வயர் முனை கம்ப்யூட்டரில் நுழையவில்லை. அண்ணன் வேறு வயர் வாங்க சைக்கிளை எடுத்துக்கொண்டு லஸ் கடைத்தெருவுக்குப் பறந்தான். அதற்குள் விளக்கு ஒருமுறை மங்கியது. திரை நடுங்கிச் சுருங்கி மறுபடி விரிந்தது. சித்தி இரண்டு கையாலும் மானிட்டரைப் பிடித்துக்கொண்டாள், பிடித்தால் நின்றுவிடும் என்பதுபோல. அண்ணன் சட்டையெல்லாம் நனைய வயரோடு வந்து சேர்ந்தான். டேப் ரெக்கார்டரை பேட்டரியில் ஓடவிட்டு முழுத் தாளத்தையும் ஒருமுறை ஏற்றினோம். எல்லாரும் கைதட்டினோம்.

"ஒரே ஒரு கட்டம் மட்டும் மாத்தி இன்னொரு தடவை ஏத்திடறேன்" என்றாள் சித்தி.

"வேணாம்!" என்று எல்லாரும் கத்தினோம். கீழே பால் கறப்பவரின் வாளிச் சத்தம் கேட்டுவிட்டது.

சித்தி கேட்கவில்லை. கட்டத்தை நகர்த்தினாள். ரெக்கார்டர் மறுபடி ஓடியது. இப்போது அந்தத் தாளம் இன்னும் வேகமாகக் காலை இழுத்தது. முடிவை நெருங்க நெருங்க அவள் விரல்களும் மேஜைமேல் கூடவே ஓடின. சரியாக அந்த நேரத்தில் கீழே கிரைண்டர் உறுமியது. டக். திரை கறுத்தது, ஃபேன் ஓய்ந்தது. அப்பா மீட்டர் பெட்டியைத் திறந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

ஆரஞ்சுக் கட்டங்கள் அத்தனையும் போயின. நான் ஓவென்று அழுதேன். சித்தி இருண்ட திரையைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். முகம் கழுவி, கேசட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் பிடிக்கப் போனாள்.

விளக்கு வைத்த பிறகு திரும்பி வந்தாள். மாடிப்படியை அவள் ஏறிய வேகத்திலேயே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அடையாற்றுக்காரர் இரண்டையும் கேட்டாராம். பாதியில் அறுந்த இரண்டாவதைத்தான் திரும்பத் திரும்பப் போட்டாராம். "அப்பளம் உடையற மாதிரி டக்னு நிறுத்தியிருக்கீங்களே, அந்த அமைதியில அப்பளத்தோட பேரைச் சொல்லிடலாம். எப்படிம்மா தோணுச்சு?" என்று கேட்டாராம்.

"நீ என்ன சொன்னே?" என்றாள் அம்மா.

"தானா வந்துச்சு சார்னு சொன்னேன்."

விஷயம் கீழே எட்டியதும் வீட்டுக்காரம்மா படியேறி வந்துவிட்டார். "நான் கிரைண்டர் போட்டதாலதான? ரேடியோவுல என் பேரையும் சேத்து சொல்லச் சொல்லு!" அப்பாகூட வாய்விட்டுச் சிரித்தார்.

எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தோம். அம்மா ரசம் ஊற்றிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். "இனிமே இந்த மாதிரி வேலை வந்தா முன்னாடியே சொல்லுடி. நான் கீழ பேசிக்கறேன், வெள்ளிக்கிழமையே மாவை ஆட்டிக்கச் சொல்லி."

"அந்த ஹால் மூலையைக் காலி பண்ணிக் கொடுத்துடலாம்" என்றார் அப்பா. "அங்கயே உக்காந்து செய்யட்டும்."

அதுவரை சிரித்துக்கொண்டிருந்த சித்தி தட்டைப் பார்த்துக் குனிந்தாள். அவள் கண்ணிலிருந்து ஒரு சொட்டு சோற்றில் விழுந்தது. அப்புறம் இன்னொன்று. அண்ணன் ஜன்னலைப் பார்த்தான்.

எனக்கு மட்டும் காரணம் பளிச்சென்று புரிந்தது. இவ்வளவு நேரம் பெரிய மனுஷியாக அடக்கி வைத்திருந்தாள், பாவம். நான் நகர்ந்துபோய் அவள் காதில் சொன்னேன்.

"அழாத சித்தி. எந்தக் கட்டத்துல என்ன இருந்துச்சுன்னு எனக்கு ஞாபகம் இருக்கு. நாளைக்கே திரும்பக் கட்டிடலாம்."

சித்தி எச்சில் கையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு மறு கையால் என்னை இழுத்து அணைத்தாள். முன்னைவிட அதிகமாக அழுதாள். சரியாகக் கண்டுபிடித்துவிட்டோம் என்று எனக்கு ஒரே பெருமை.