கூச்சல் கேட்டால் நிதானிக்கும் கை

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். முனிரத்தினம் அண்ணன் இறந்துவிட்டார் என்று போன் வந்தபோது, ஓசூரில் பக்கத்து வீட்டுப் பிறந்தநாள் விழாவில் ஆறு வயதுப் பிள்ளையை ஓரங்கட்டிவிட்டு நான் விளையாடிக்கொண்டிருந்தேன். அவர் ஓய்வு பெற்றபோது எங்களுக்கு விட்டுப்போன பழைய விளையாட்டுப் பெட்டி அது.

அதைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நட்சத்திரம், பிறை, முக்கோணம் என்று குட்டிக் குட்டி பிளாஸ்டிக் துண்டுகள். பலகையில் அதே வடிவங்களில் குழிகள். சாவியை முறுக்கினால் டிக் டிக்கென்று நேரம் ஓடும். முடிவதற்குள் எல்லாவற்றையும் பொருத்தியாக வேண்டும். இல்லையென்றால் பலகை துள்ளி அத்தனையையும் முகத்தில் எறியும்!

அண்ணனும் நானும் ஒரே கம்பெனியில் சின்னச் சின்ன பாகங்கள் பொருத்தும் லைனில் இருந்தோம். குந்தாரப்பள்ளிச் சந்தையில் பழைய சாமான் குவியலில் இந்தப் பெட்டியை வாங்கினார். அன்றிலிருந்து எங்கள் லைன் ஆட்களின் வீடுகளில் எந்தப் பிள்ளைக்குப் பிறந்தநாள் என்றாலும், கேக்குக்கு முன்னால் அவர் பெட்டியோடு வந்துவிடுவார்.

"இன்னாண்ணா, அம்பது தாண்டியும் உனக்கு பலூன் கட்டணுமா?" என்று சீண்டுவேன்.

"கத்து லச்சுமி, இன்னும் நல்லா கத்து. அதான் எனக்கு வேணும்" என்பார்.

ஒருநாள்தான் காரணத்தைச் சொன்னார். வலது கை நடுங்க ஆரம்பித்திருந்தது. எங்கள் லைனில் வருடத்துக்கு ஒருமுறை கைப் பரிசோதனை உண்டு. ஒரு நிமிடத்தில் பலகைத் துளைகளில் குச்சிகளைப் பொருத்த வேண்டும்.

"தோத்தா அட்டப் பொட்டி ஒட்ட அனுப்பிடுவாங்கம்மா. இத்தன வருசம் பொருத்துன கை. தனியா உக்காந்தா நடுங்குது. பசங்க கூச்சல் போட்டா நடுங்க மறந்துடுது."

அதன்பிறகு நான் அவரைச் சீண்டவில்லை என்று சொன்னால் பொய். இன்னும் சத்தமாகச் சீண்டினேன்.

பரிசோதனை நாளன்று ஒரே அமைதி. சூப்பர்வைசர் ஸ்டாப்வாட்சை அழுத்தினார். அண்ணனின் கை நடுங்கியது. குச்சி ஒன்று கீழே உருண்டது. இன்னொன்றும் உருண்டது. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். வாய் மட்டும் என்றைக்கும் நின்றதில்லை. மீதி நொடிகளை எண்ணி "இருபது!" என்று கத்தினேன். "பத்தொம்போது!" என்றது பின்வரிசை. அடுத்த எண் தெலுங்கில் வந்தது, அதற்கடுத்தது கன்னடத்தில். லைனே மேஜையைத் தட்டியது. அவர் கை நடுக்கம் நின்றது! பிறகு பறந்தது! "ரெண்டு!" என்னும்போது கடைசிக் குச்சி உட்கார்ந்தது.

"இது ஃபேக்டரியா, பர்த்டே பார்ட்டியா?" என்று சூப்பர்வைசர் சீறினார்.

"கேக் இருந்தா வெட்டிடலாம் சார்" என்றார் அண்ணன், வியர்வையைத் துடைத்தபடி.

ஓய்வு பெறும் நாள்வரை அவர் அந்த லைனை விட்டு நகரவில்லை.

நேற்று குருபரப்பள்ளியில் அவர் மகள் வீட்டில் ஒருவரும் பேசவில்லை. அவ்வளவு அமைதி அவருக்கு ஆகாது என்று யாரிடம் சொல்ல? வாய்க்கரிசி போட என்னையும் அழைத்தார்கள். "போய்ட்டு வாண்ணா" என்றேன். என் கை நடுங்கியது. அரிசி முழுவதும், அருகில் குனிந்து நின்ற மருமகனின் சட்டைப் பையில் விழுந்தது. அவர் பையைப் பார்த்தார். பிறகு கொஞ்சம் நகர்ந்து நின்றார்.