த்ராட்டில் பாடியும் என் காலும்

எங்கள் குவார்ட்டர்ஸில் வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஆணி இருக்கிறது. என் கார் சாவி அதில்தான் தொங்கும். போன கோடைக்காலம் முழுக்க அந்த ஆணி வெறும் ஆணியாகவே இருந்தது.

கார் என் பேரில் இருக்கிறது. என் ஆபீஸ் லோனில் வாங்கி, என் சம்பளத்தில் பிடித்தம் போய்க் கடன் அடைந்த கார். இதை நான் சொல்லிக்காட்டிக்கொண்டே இருப்பதாக என் வீட்டுக்காரருக்குக் குறை. சொல்லாமல் விட்டால் அது அவருடைய காராகிவிடும், அதனால் சொல்கிறேன். அவருக்கு ஆபீஸ் வண்டி வாசலுக்கு வரும், வாசலில் கொண்டுவந்து விடும். நான் இந்தக் கார் வாங்குவதற்கு முன்னால் பல வருடங்கள் டெல்லி பஸ்ஸில் போய்வந்தவள். அந்தக் கூட்டத்தில் எந்தக் கை எங்கிருந்து வரும் என்று முதுகாலேயே பார்க்கக் கற்றுக்கொண்டவள். காரில் ஏறிக் கதவைச் சாத்தினால் அந்தச் சத்தமே எனக்குப் போதும். ரிங் ரோடில் எவ்வளவு நெரிசல் இருந்தாலும் எனக்குக் கவலை இல்லை. வீட்டிலும் இல்லாமல் ஆபீஸிலும் இல்லாமல் நான் நானாக இருந்தது அந்த நெரிசலில்தான்.

அவர் காரை ஞாயிற்றுக்கிழமை மட்டும் தொடுவார். காலையில் ரோடு காலியாக இருக்கும்போது ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போய் முருங்கைக்காயும் காபிப்பொடியும் வாங்கிக்கொண்டு, கோவிலுக்கும் போய்விட்டு வருவோம். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை சிக்னலில் பச்சை விழுந்ததும் பக்கத்தில் நின்ற கார் சட்டென்று முந்திப் போய்விட்டது. ஓட்டியவன் காதில் கம்மல் போட்ட சின்னப் பையன். இவர் ஆக்சிலேட்டரை மிதித்தார், கார் ஒரு யோசனை யோசித்துவிட்டு நகர்ந்தது.

அன்று சாயங்காலத்திலிருந்து போனில் இந்தி வீடியோக்கள் ஓட ஆரம்பித்தன. ஒருவன் காரின் முன்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுவான், இவர் தலையை ஆட்டுவார். காருக்குப் பிக்கப் இல்லை, த்ராட்டில் பாடியை மாற்ற வேண்டும் என்று முடிவு செய்தார். த்ராட்டில் பாடி என்பது ஒரு குட்டையான அலுமினியக் குழாய். உள்ளே ஊறுகாய் பாட்டில் மூடி அளவுக்கு ஒரு வட்டத் தகடு. நாம் பெடலை மிதித்தால் ஒரு கேபிள் அதை இழுத்துத் திறக்கும், அந்த வழியாக எஞ்சினுக்குக் காற்று போகும். எங்கள் காரில் இருந்ததைவிட வாய் அகலமான ஒன்றைக் காஷ்மீரி கேட் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வாங்கிக்கொண்டு வந்தார். குழந்தையைக் காட்டுவது போல டைனிங் டேபிளில் வைத்து எனக்கும் மகளுக்கும் காட்டினார்.

எனக்கு இந்தக் கார் நன்றாகத்தானே ஓடுகிறது என்று கேட்டேன்.

"உனக்கு என்ன தெரியும் பிக்கப்பைப் பத்தி? நீ ஓட்டுறது மாட்டு வண்டி மாதிரிலா" என்றார்.

அவர் திருநெல்வேலிக்காரர். நான் டெல்லியிலேயே பிறந்து, புசா ரோடு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். அவர் ஊர்ப் பேச்சில் ஒரு வார்த்தை சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை என்று அர்த்தம். முனிர்காவில் ஒரு சந்துக்குள் இருக்கும் மெக்கானிக்கிடம் கொடுத்து மாட்டிக்கொண்டு வந்தார். பழையதைத் தூக்கிப் போடவில்லை. சர்க்கார் உத்தியோகக்காரர் எதையும் தூக்கிப் போட மாட்டார். புதியது வந்த அட்டைப்பெட்டியிலேயே பழையதை வைத்து, கயிறு கட்டி, லாஃப்டில் ஏற்றிவிட்டார்.

மறுநாள் சனிக்கிழமை காலை காலனி கேட்டில் அவர் காரை எடுத்தபோது அது துள்ளிக்கொண்டு பாய்ந்தது. காவலாளி எழுந்து நின்றுவிட்டான். இவர் ஸ்டீயரிங்கைத் தட்டிச் சிரித்தார். பாத்தியா பிக்கப்பு என்று என்னிடம் திரும்பினார். நான் கதவு மேலே இருக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்த இடத்தை மறக்க வேண்டாம், ஏனென்றால் அவர் மறந்துவிட்டார்.

அதற்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமைதான் கோவிலில் பூஜை. எஞ்சினுக்குப் புதுப் பொருள் வந்தால் அது புது வண்டி மாதிரிதானாம். காருக்குக் குங்குமம் வைத்து, மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. அவர் டிரைவர் சீட்டில் ஏறப் போனார். வண்டி யார் பேரில் என்று குருக்கள் கேட்டார். என் பேரில் என்றேன். அப்படியானால் பழத்தின் மேல் நீங்கள்தான் ஏற்ற வேண்டும் என்றார். இவர் முகம் கொஞ்சம் சுருங்கியது, ஒதுங்கிக்கொண்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை ஏன் மறைக்க வேண்டும். டெல்லித் தமிழர் பாதிப் பேர் சர்க்கரைப் பொங்கலுக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் அது யார் கார் என்று ஒரு வாய் சொன்னது அன்று ஒரு நாள்தான்.

எலுமிச்சம்பழத்தின் மேல் காரை ஏற்றுவது பெரிய வித்தை இல்லை. கிளட்சைப் பாதி விட்டு, ஆக்சிலேட்டரைத் தொட்டும் தொடாமலும் மிதித்தால் போதும், பழம் நசுங்கும், எல்லோரும் கும்பிடுவார்கள். நான் தொட்டேன். கார் பாய்ந்தது. பிரேக்கை மிதிப்பதற்குள் கோவில் செருப்பு ஸ்டாண்டில் போய் மோதியது. ஸ்டாண்டு சரிந்து, பக்தர்கள் செருப்பெல்லாம் மாலை போட்ட பானட்டின் மேல் விழுந்தது. நல்ல வேளை, அந்தப் பக்கம் யாரும் நிற்கவில்லை. ஒரு ஹெட்லைட் போயிற்று, அவ்வளவுதான்.

கோவில் கமிட்டியில் ஒரு பெரியவர் இருக்கிறார், ரிட்டயர்ட் ஆபீசர். அவர்தான் முதலில் வந்தார். மேடம், பதற்றத்தில் பிரேக்குக்குப் பதிலா ஆக்சிலேட்டரை அழுத்திட்டீங்க என்று தீர்ப்புச் சொன்னார். லேடீஸுக்கு இது சகஜம் என்று பக்கத்தில் இருந்தவர் ஒத்து ஊதினார். பொங்கல் தொன்னையோடு வந்த பெண்கள்கூட ஐயோ பாவம் என்று என் காலைப் பார்த்தார்கள். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். காலனி கேட்டில் அவருக்கே பாய்ந்த கார் அது. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் குனிந்து ஹெட்லைட் கண்ணாடியைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார்.

"அவளுக்குக் கால் கொஞ்சம் வெயிட்டு. நான் அப்பமே சொன்னேம்லா."

அவர் மிதித்துப் பாய்ந்தால் அது பிக்கப். நான் மிதித்துப் பாய்ந்தால் அது என் கால்.

வீட்டுக்கு வந்ததும் சாவி ஆணிக்குப் போகவில்லை, அவர் சட்டைப் பைக்குப் போயிற்று. கொஞ்ச நாள் போகட்டும், உன் நல்லதுக்குத்தான் சொல்லுதேன் என்றார். நான் சண்டை போட்டேன். அழவும் செய்தேன், அதுதான் தப்பாகப் போயிற்று. அழுகிறவள் கையில் சாவியை எப்படிக் கொடுப்பது என்று அதையும் ஒரு காரணமாக்கிக்கொண்டார்.

மே மாத வெயிலில் மெட்ரோ ஸ்டேஷன்வரை ஷேர் ஆட்டோ, அங்கிருந்து மெட்ரோ, இறங்கியதும் மறுபடி ஆட்டோ. ஆபீஸில் கார் என்ன ஆச்சு என்று கேட்டார்கள். ரிப்பேர் என்றேன். அவர் ஒரு நாள் அதை ஆபீஸுக்கு எடுத்துக்கொண்டு போனார். போன வேகத்தில் அலுத்துப் போய், மறுநாளே ஆபீஸ் வண்டிக்குத் திரும்பிவிட்டார். நெரிசலில் அடிக்கு அடி குதிக்கும் காரை ஓட்டினால் யாருக்கும் முழங்கால் கழன்றுவிடும். அதை ஒத்துக்கொள்ளத்தான் மனம் வரவில்லை. கார் வேப்பமரத்தடியில் புறா எச்சத்தோடு கிடந்தது. நான் தினமும் அதைத் தாண்டிப் போய் ஷேர் ஆட்டோவில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஜூலையில் அவரை ஆபீஸ் வேலையாக வெளியூர் அனுப்பினார்கள். சாவி அலமாரியில் அவர் வெள்ளைச் சட்டைப் பையில் இருந்தது. நான் ஸ்டூல் போட்டு லாஃப்டில் ஏறி, அந்தக் கயிறு கட்டிய பெட்டியை இறக்கினேன். ஆபீஸுக்கு லீவு சொன்னேன். துள்ளும் காரை முதல் கியரிலேயே உருட்டிக்கொண்டு முனிர்கா போய்ச் சேர்ந்தேன்.

பெட்டியைத் திறந்து, இதை மாட்டி அதைக் கழற்றிக் கொடுங்கள் என்று மெக்கானிக்கிடம் சொன்னேன். அவன் பெட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்றும் பார்த்தான்.

"பாபிஜி, சாப் ஸே பூச் லியா?"

அண்ணி, சாரிடம் கேட்டாயிற்றா என்கிறான். கார் என்னுடையது என்று சொல்லி ஆர்.சி.யை எடுத்துக் காட்டினேன். அச்சா அச்சா என்றான், ஸ்பேனரைத் தொடவில்லை. நாளைக்கு சாப் வந்து தன்னிடம் சத்தம் போடுவார், ஒரு போன் பண்ணிச் சொல்லச் சொல்லுங்கள் என்றான். என் பேர் அச்சடித்த ஆர்.சி. என் கையில் இருக்கிறது. அதை வைத்து அந்தப் பட்டறையில் ஒரு திருகைக்கூட நகர்த்த முடியவில்லை. வெயிலில் நின்றுகொண்டே யோசித்தேன். பிறகு சாப்தான் மாற்றிவிட்டு வரச் சொன்னார், அவர் மீட்டிங்கில் இருக்கிறார் என்றேன். உடனே பானட்டைத் திறந்தான்.

பழைய த்ராட்டில் பாடிக்குள் கரி அப்பியிருந்தது. இவ்வளவு வருட டெல்லிக் காற்று. அவன் ஸ்பிரே அடித்துத் துடைக்கத் துடைக்கத் துணி கருப்பாக வந்தது. தகட்டின் ஓரம் பளபளத்தது. கார் யோசித்துவிட்டு நகர்ந்ததற்குக் காரணம் அந்தக் கரிதான். துடைத்தால் தீர்ந்துபோயிருக்கும் விஷயத்துக்கு ஒரு பூஜை, ஒரு செருப்பு ஸ்டாண்டு, ஒரு கோடைக்காலம்.

திரும்பி வரும்போது கார் என் கால் சொன்னபடி கேட்டது. மெதுவாக மிதித்தால் மெதுவாக, அழுத்தினால் வேகமாக. வீட்டுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் ரிங் ரோடிலேயே ஒரு சுற்றுச் சுற்றினேன். சத்தமாக அழுதேன், கேட்க யாரும் இல்லை. புதிய த்ராட்டில் பாடியை அதே பெட்டியில் வைத்து, அதே கயிற்றால் கட்டி லாஃப்டில் ஏற்றினேன். சாவியை வெள்ளைச் சட்டைப் பையில் போட்டேன். ஆணியில் மாட்டத்தான் கை போயிற்று, மாட்டவில்லை.

அவர் திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டுக்குக் கிளம்பினோம். மகளும் பின்சீட்டில் இருந்தாள். கேட்டைத் தாண்டும்போதே அவர் புருவம் உயர்ந்தது. சிக்னலில் பச்சை விழுந்ததும் மிதித்தார், கார் யோசிக்காமல் கிளம்பியது. அவருக்கு முகமெல்லாம் வெளிச்சம்.

"பாத்தியா, இப்பம்தான் எஞ்சின் செட் ஆயிருக்கு. புது பார்ட்டு படியதுக்கு நாள் எடுக்கும். என்னா பிக்கப்பு!"

சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். திங்கட்கிழமையே கார் முனிர்காவில் நிற்கும், லாஃப்டில் இருப்பது எஞ்சினுக்குப் போகும், சாவி சட்டைப் பையிலேயே இருக்கும். அதனால் நான் ஓட்டிப் பார்க்கட்டுமா என்று மட்டும் கேட்டேன். நல்ல மனநிலையில் இருந்தார், கொடுத்தார். கோவில்வரை நான் ஓட்டினேன். புதிதாக வைத்த செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு குலுக்கல் இல்லாமல் நிறுத்தினேன். கமிட்டிப் பெரியவர் வாசலில் நின்றிருந்தார். இவர் இறங்கிப் போய் அவரிடம், பயிற்சி கொடுத்ததில் இப்போது இவளுக்குக் கால் படிந்துவிட்டது என்றார். வெரி குட் மேடம் என்று பெரியவர் எனக்குச் சொன்னார். நான் தேங்க் யூ சொன்னேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவரே சாவியை ஆணியில் மாட்டினார். நான் அதைப் பார்த்துக்கொண்டே காய்கறிப் பையைக் கீழே வைத்தேன்.

இப்போது மகள் கார் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறாள், லைசென்ஸ் எடுக்கும் வயது வந்துவிட்டது. போன வாரம் சாப்பிடும்போது அம்மா சொல்லிக் கொடுக்கட்டும் என்றாள். அதெல்லாம் வேண்டாம், நானே சொல்லித் தருகிறேன் என்றார் அவர். இந்தக் கார் சாதாரண கார் இல்லையாம், பிக்கப் ஜாஸ்தியாம், உன் அம்மாவுக்கே கால் படிய ஒரு கோடைக்காலம் ஆயிற்று என்றார். அவள் என் பக்கம் திரும்பினாள். டெல்லியில் பிறந்த பிள்ளை, தமிழும் இந்தியும் கலந்துதான் பேசுவாள்.

"ஸச் மே, நிஜமாவா அம்மா? ப்ராப்ளம் உன் கால்லயா இருந்துச்சு?"

என் தலைக்கு நேர் மேலே லாஃப்டில் அந்தப் பெட்டி இருந்தது. ஆணியில் சாவி தொங்குவது நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்தது. மறுநாள் திங்கட்கிழமை, ஆபீஸுக்குப் போக வேண்டும்.

"ஆமாம்மா" என்றேன். "அப்பா சொல்றது சரிதான்."

அவள் குனிந்து, மேஜைக்குக் கீழே தன் காலைப் பார்த்துக்கொண்டாள்.