நூர் பாஷா கொண்டுவந்த கடற்கல்

பாப்பாரப்பட்டிப் பக்கம் கிணறு வெட்டுகிறவர்களுக்கு நூர் பாஷாவின் கைமேல் அவ்வளவு நம்பிக்கை. கிரேன் கம்பியில் உள்ளங்கையை வைத்தே கீழே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவான். அந்தக் கைதான் 1986இல் அவனை ஒரு வெளிநாட்டு ஆராய்ச்சிக் கப்பலில் சேர்த்தது. ஆள் போக முடியாத ஆழத்துக்கு, கேமராவும் இரும்புக் கையும் வைத்த இயந்திரத்தைக் கம்பியில் இறக்குவார்கள். கடலடி எரிமலைகள் கொதிநீர் கக்கும் இடங்களைக் கண்டுபிடித்து, வரைபடத்தில் குறித்து, கல் பெயர்த்து வர வேண்டும். அலை தூக்கும்போது கம்பி அறாமல் பார்த்துக்கொள்வது இவன் வேலை.

வீட்டில் மட்டும் பொய் சொன்னான். மனைவி ஹாஜிராவின் தம்பி ஒகேனக்கல்லில் பரிசல் கவிழ்ந்து செத்தவன். தண்ணீர்மேல் போகக் கூடாதென்று அவள் சத்தியமே வாங்கியிருந்தாள். அதனால் மெட்ராஸ் துறைமுகத்தில் வேலை என்றான். கெட்டிக்காரன் செய்த முட்டாள்தனம். எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. ஆறு வயது மகள் அமீனா, "கடல்லேர்ந்து எனக்கு ஏதாச்சும் எடுத்துக்கிட்டு வா அத்தா" என்றாளாம்.

அவன் போன மூன்றாம் மாதம் அமீனாவுக்கு மஞ்சள் காமாலை முற்றியது. ஊர்த் தபால் நிலையத்தில் தந்தி அடிப்பவன் நான். ஹாஜிரா சொன்னபடி துறைமுகத்துக்கு மூன்று தந்தி அடித்தேன். அப்படி ஒருவர் இங்கே இல்லை என்றே மூன்றுக்கும் பதில் வந்தது.

"பேருல தப்பு வந்திருக்குமுங்க சார். இன்னொரு தபா அடிங்க" என்றாள்.

பதினாறாம் தேதி, நாலாவதை அடிப்பதற்குள் குழந்தை போய்விட்டது.

குழந்தைக்கு நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவும் ஓதி முடிந்த பிறகு நூர் பாஷா பஸ்ஸைவிட்டு இறங்கினான். எதிரே என்னைப் பார்த்ததும் துண்டை அவிழ்த்து ஒரு கறுப்புக் கல்லைக் காட்டினான். அதில் பொன்துகள் மினுங்கியது.

"ரெண்டரை கிலோமீட்டர் ஆழத்துலேர்ந்து வந்ததுங்க சார். அமீனா கேட்டா."

அவன் பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டேன். அவன் வீடுவரை கூடவே நடந்தேன்.

விஷயம் தெரிந்து அழுது ஓய்ந்தபின் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். பெட்டியிலிருந்து கடல் வரைபடத்தை எடுத்து அவள்முன் விரித்தான்.

"எந்தத் தேதி எங்க இருந்தீங்கன்னு இதுல இருக்குதா?" என்று ஹாஜிரா கேட்டாள்.

"இருக்குது."

"பதினாறாந் தேதி?"

ஒரு புள்ளியைத் தொட்டான். "இங்கதான். இந்தக் கல்லு அன்னிக்கு எடுத்ததுதான்."

அவளும் அந்தப் புள்ளியில் விரலை வைத்தாள். "அன்னிக்குப் பூரா அவ வாசலையே பாத்துக்கிட்டு கெடந்தா" என்றாள்.

நூர் பாஷா கல்லை மறுபடி துண்டில் சுற்றப் பார்த்தான், முடியவில்லை. அவன் கை நடுங்கி நான் பார்த்தது அன்றுதான்.