குல்பாஷின் கால்மீன்கள்

குல்பாஷ் மகா பிடிவாதக்காரி. ஒன்றை மனதில் போட்டுக்கொண்டால் ஜூங்கார் மலையே குறுக்கே வந்து நின்றாலும் விடமாட்டாள். ஐம்பத்தெட்டு வயதில் ஆடுமாடு, கம்பளிக் கூடாரம், படுத்த படுக்கையாய்க் கிடக்கும் புருஷன் என்று எல்லாவற்றையும் ஒற்றை ஆளாய் இழுத்துக்கொண்டிருந்தாள்.

பனி உருகும் காலத்தில் குதிரை தூக்கி எறிந்ததில் அவள் புருஷன் தோலெகெனின் இடுப்பு நொறுங்கிவிட்டது. நகரத்து ஆஸ்பத்திரியில் இருபது நாள் வைத்திருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். எலும்பு முறிந்தால் எங்கள் பக்கத்தில் கால்மீன்தான் மருந்து. சாண் நீளம், பாசி நிறம், நாலு கால், தடித்த வால். பனி ஊற்றின் கல்லடியில் சோம்பிக் கிடக்கும். காயவைத்துப் பொடித்து ஆட்டுக்கறிச் சாற்றில் கலந்து கொடுத்தால் எலும்பு சேரும் என்பார்கள்.

கோடை முழுக்க அவள் ஊற்றுக்கு ஏறினாள். முதலில் கல்லுக்கு ஒன்று அகப்பட்டது. பிறகு நாளுக்கு ஒன்று. தோலெகென் ஒரு வேளை தவறாமல் குடித்தான்.

"இப்ப எப்படி இருக்கு, கிழவா?"

"குதிரையையே முட்டித் தள்ளிடுவேன் போல இருக்கு."

சொல்லிவிட்டு, புரண்டு படுக்க அவள் கையைத் தேடுவான்.

இலையுதிர்காலம் வந்தது. மறுநாள் கோடை மேய்ச்சலை முடித்து மந்தையோடு மலையை விட்டுக் கீழே இறங்கவேண்டும். அன்று விடிந்ததிலிருந்து கல்லைப் புரட்டிப் புரட்டி நண்பகலில் ஒன்றே ஒன்று பிடித்தாள். பால்தூக்கில் உயிரோடு கொண்டுவந்து கத்தியை எடுத்தாள்.

"அதை விட்டுடு, கிழவி."

"ஏன், கசக்குதா துரைக்கு?"

"எலும்பு சேராது. நரம்பும் செத்துப்போச்சாம். ஆஸ்பத்திரியில டாக்டர் அன்னைக்கே சொல்லிட்டார்."

"அன்னைக்கேவா? அப்புறம் எதுக்குய்யா இத்தனை நாள் குடிச்சே, பாவி?"

"தூக்கோட நீ மலையிறங்கி வர்றப்போ உன் மூஞ்சியைப் பார்க்கணுமே! எப்படிடி சொல்லுவேன்?"

கையில் கிடைத்த கரண்டியை அவன்மேல் வீசினாள். அது அவன் காலில் பட்டுத் தெறித்தது. அவனுக்கு அது பட்டதே தெரியவில்லை. அதைப் பார்த்ததும்தான் அவளுக்கு அழுகை பீறிட்டது.

அழுதபடியே தூக்கை எடுத்துக்கொண்டு மறுபடியும் மலையேறினாள். ஊற்றில் கவிழ்த்ததும் கால்மீன் மெல்ல நெளிந்து ஒரு கல்லடியில் புகுந்துகொண்டது. அதற்கொரு துணை இருக்கிறதா என்று பக்கத்துக் கல்லைத் தூக்கப்போனவள், கையை எடுத்துவிட்டாள். காலையில் அந்த ஊற்றின் ஒவ்வொரு கல்லையும் புரட்டிப் பார்த்தவள் அவள்தானே.