அண்ணனின் மராட்டியக் குதிரைப்படை

எங்கள் அண்ணன் பாளையங்கோட்டையில் பிறந்தவர். அப்பா சீக்கிரமே போய்விட்டதால், இளம் வயதிலேயே டெல்லிக்கு வந்து மத்திய அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். எனக்குத் திருமணம் செய்து வைத்தார், தாம் செய்துகொள்ளவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் என் கணவர் காலமானபோது, "இங்க வந்திரு தாயி" என்று ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸுக்கு அழைத்துக்கொண்டார்.

அங்கே சாப்பாட்டு மேசை முழுக்கச் சுண்டுவிரல் உயரப் பிளாஸ்டிக் குதிரைவீரர்கள். பழைய காலப் போர்களைப் பகடை உருட்டி மேசைமேல் நடத்திப் பார்ப்பது அண்ணனுக்கும் அவர் நண்பரான ஓய்வுபெற்ற கர்னல் சாஹிபுக்கும் ஞாயிற்றுக்கிழமை வழக்கம். கிடைத்ததெல்லாம் வெள்ளைக்கார வீரர்கள். அண்ணனுக்கு வேண்டியதோ மராட்டியர். அதனால் தொப்பித் தலையை வெட்டி, மரச்சாமான் ஓட்டையை அடைக்கும் களிமண் போன்ற புட்டியில் தலைப்பாகை சுற்றி, குண்டூசியை ஈட்டியாக்கி, ஒருவன் கையை இன்னொருவனுக்கு ஒட்டுவார்.

முதல் தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்தேன். ஒரு பிஸ்கட் டப்பாவில் வெட்டிய தலைகளும் கைகளும் கிடந்தன. குப்பை என்று நினைத்துப் பழைய சாமான் வாங்கும் கபாடிக்காரரிடம் போட்டுவிட்டேன். அத்தனையும் மராட்டியப் படைக்காக அண்ணன் இரண்டு வருடமாகச் செய்து சேர்த்தவை. மாலையில் விஷயத்தைச் சொன்னதும் அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஒண்ட வந்த இடத்தில் இப்படிச் செய்துவிட்டோமே, பெட்டியைக் கட்டிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

"டப்பா மேல எழுதி வச்சிருக்கணும். என் தப்புதான்" என்றார் கடைசியில். "காப்பி போடு. ரெண்டு பேருமா சேந்து செய்வோம்."

நான் சுற்றிய முதல் தலைப்பாகை இட்லி மாதிரி இருந்தது.

"இவன் சமையல்காரன். படைக்கு வேணும்லா" என்று அவனையும் குதிரையில் ஏற்றினார். கணவர் போன பிறகு நான் முதன்முதலாகச் சிரித்தது அன்றுதான். அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் அறுபது பேர் தேறிவிட்டார்கள்.

ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும்போது பக்கவாதம் வந்து அண்ணனின் வலது கை விழுந்துவிட்டது. அதன்பின் அவர் சொல்லச் சொல்ல, கர்னல் சாஹிப் ஒட்டினார். "ஜல்தி வேண்டாம் சாஹிப், பசை காயட்டும்" என்று படுக்கையிலிருந்தே திருத்துவார். சில மாதங்களில், ஒரு காலை நேரத்தில், அமைதியாகப் பிரிந்தார்.

ஆஸ்பத்திரியில் முறை வைத்துத் துணை இருந்த அலுவலக நண்பர்களுக்கும், பதினாறு நாளும் எங்களைச் சமைக்கவிடாத அக்கம்பக்கத்தாருக்கும் கைகூப்புகிறேன். கர்னல் சாஹிபுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. படையை எடுத்துப்போகச் சொன்னேன், மறுத்துவிட்டார்.

"இங்கேயே இருக்கட்டும் பெஹன்ஜி. ஞாயிறு வருகிறேன். அவர் பக்கம் நீங்கள் ஆடுங்கள்" என்றார் ஹிந்தியில்.

சென்ற ஞாயிறு ஆடினேன். தோற்றுவிட்டேன். வருகிற ஞாயிறும் வரச் சொல்லியிருக்கிறேன்.